கடிதம் ஒசாகாவில், கார் நானுஓயாவில்

எரிபொருள் பம்பில் பழுது இருப்பதை ஒப்புக்கொண்டு கார் நிறுவனங்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கான வண்டிகளைத் திருப்பி அழைத்தன. அந்த அழைப்பு மலையகத்து ஏற்றங்களுக்கு வந்து சேராதது ஏன்?

தலவாக்கலையைத் தாண்டி நானுஓயா நோக்கி ஏறும் ஏ-7 வீதியில் ஒரு கார் திடீரென்று இழுவையை விட்டுவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்கு இரண்டே வழிதான். பேசாமல் நிற்கலாம், இல்லையென்றால் ஹோர்ன் அடித்துக்கொண்டே நிற்கலாம். முந்திப் போக இடம் கிடையாது. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. காரில் இருப்பவர் சாவியைத் திருப்புவார். ஸ்டார்ட்டர் சுழலும், எஞ்சின் பிடிக்காது. பத்து நிமிடம் ஆறவிட்டால் உயிர் வரும், இரண்டு வளைவு தாண்டி மறுபடி போகும். பின்சீட்டில் இருக்கும் பிள்ளை "பெற்றோல் மணக்குது" என்று சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் யாரும் போட்டுக்கொள்வதில்லை. பெற்றோல் ஷெட்டில் அடித்தபோது சிந்தியிருக்கும் என்று ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுவார்கள்.

அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் விஷயம் இருக்கிறது. இன்றைய பெற்றோல் கார்களில் பெரும்பாலானவற்றின் எரிபொருள் பம்ப், தாங்கிக்குள்ளேயே பெற்றோலில் மூழ்கிக் கிடக்கிறது. பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் ஒரு வட்ட மூடி தெரியும். அதைக் கழற்றினால் பம்பின் தலை, அதற்குள் போகும் வயர்கள், எஞ்சினுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் குழாய், தாங்கியோடு அதை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம். அந்த வளையம் வெடித்தாலும், தலையில் கீறல் விழுந்தாலும், குழாயின் பிடி தளர்ந்தாலும் பெற்றோல் கசியும். முதலில் கசிவது ஆவிதான், அதனால் கண்ணுக்குத் தெரியாமல் மூக்குக்கு மட்டும் தெரியும்.

கசிவு ஒரு வகை. மற்றது பம்பே நின்றுபோவது. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் உலகத்தைச் சுற்றிவந்தது இந்த இரண்டாவது வகைதான். அதன் ஊற்றுக்கண் ஜப்பானின் டென்சோ நிறுவனம். டொயோட்டா, ஹொண்டா, சுசூகி, மஸ்டா, சுபாரு, மிட்சுபிஷி என்று போட்டிக் கம்பனிகள் பலவும் பம்ப் வாங்கியது அந்த ஒரே இடத்தில்தான். பம்புக்குள் பெற்றோலைத் தள்ளுவது பிளாஸ்டிக்கில் செய்த ஒரு சிறிய சக்கரம். குறிப்பிட்ட காலத்தில் வார்த்த சக்கரங்களில் பிளாஸ்டிக்கின் அடர்த்தி குறைவாக இருந்திருக்கிறது. அவை தொழிற்சாலையில் கரைப்பானோடு அதிக நேரம் இருந்ததால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்தன. காரில் பொருத்திய பிறகு வெடிப்புகளுக்குள் பெற்றோல் ஊறியது. ஆடி மழையில் ஊறிய மரக்கதவு சட்டத்தில் இறுகுவதுபோல, ஊதிய சக்கரம் பம்பின் சுவரில் உரசி, கடைசியில் சுற்றாமலே நின்றது.

2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 7 இலட்சம் வண்டிகளை அழைத்தது. மார்ச்சில் அது உலகளவில் 32 இலட்சமாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் 58 இலட்சத்தைத் தாண்டியது. ஹொண்டா 2020இல் சிறியதாகத் தொடங்கி, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் என்று அறிவித்தது. இப்படிப் பட்டியல் தவணை தவணையாக நீண்டதுதான் உரிமையாளர்களை அதிகம் எரிச்சலூட்டியது. இன்று உங்கள் வண்டி பட்டியலில் இல்லை என்பார்கள். ஆறு மாதம் கழித்து இருக்கிறது என்பார்கள். மாற்றுவதற்குப் பம்ப் இன்னும் வரவில்லை, வந்ததும் அழைக்கிறோம் என்று இன்னொரு கடிதம் வரும். இடைப்பட்ட காலத்தில் ஓட்டலாமா கூடாதா என்பதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

இதை வெறும் எரிச்சல் என்று தள்ளவும் முடியாது. 2023 ஜூலையில் ஜப்பானின் தொத்தொரி மாநிலத்தில், வேகவீதியில் ஒரு ஹொண்டா என்-பொக்ஸ் எஞ்சின் அடங்கி நின்றது. பின்னால் வந்த வாகனம் மோதி, காரில் இருந்தவர் ஒருவர் இறந்தார். காரணம் பம்ப். அந்த டிசம்பரில் ஹொண்டா ஜப்பானில் சுமார் 11 இலட்சம் வண்டிகளை அழைத்தது.

கசிவுக்கும் பெரிய வரலாறு உண்டு. அதில் வரும் பெயர்களை நுவரெலியா பஸ் நிலையத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே பார்த்துவிடலாம். 2010 பெப்ரவரியில் இந்தியாவின் மாருதி சுசூகி ஒரு இலட்சம் ஏ-ஸ்டார் கார்களை அழைத்தது. தாங்கியை விளிம்புவரை நிரப்பினால் பம்பைப் பிடிக்கும் ரப்பர் வளையத்தின் வழியே பெற்றோல் கசியக்கூடும் என்பது காரணம். 2011 ஜனவரியில் டொயோட்டா உலகளவில் 17 இலட்சம் வண்டிகளைக் கசிவு அச்சத்தில் அழைத்தது. ஜப்பானில் அழைக்கப்பட்டவற்றில் நோவாவும் வொக்சியும் இருந்தன. 2016 ஜூனில் பிரியஸ் முதலான வண்டிகள் 28 இலட்சத்துக்கும் மேல். பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டியில் வெடிப்பு விழுந்து, தாங்கி நிறைந்திருக்கும்போது கசியலாம் என்றார்கள். அந்தத் தலைமுறைப் பிரியஸ் இங்கே இல்லாத ஊர் உண்டா?

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை வருவதற்கு முன்னால், இரவு பகலாக வரிசையில் கிடந்தவர்கள், பெற்றோல் கிடைத்த அன்று கழுத்துவரை நிரப்பிக்கொண்டார்கள். கிடைக்காத நாட்களில் அடியில் கிடந்த கடைசி லீட்டரில் ஓட்டினார்கள். தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெற்றோல்தான். காற்றை உறிஞ்சி ஓடும் பம்ப் சூடேறிச் சீக்கிரம் சாகும். விளிம்புவரை நிரப்புவது கசிவுக்குக் கேடு, அடிவரை ஓட்டுவது பம்புக்குக் கேடு. நாடு இரண்டையும் ஒரே ஆண்டில் செய்து பார்த்தது.

ஏற்றத்தில் ஒரு பம்ப்

மலைக்கும் எரிபொருள் பம்புக்கும் உள்ள பகை பழையது. தோட்டத் துரைமாரின் மொரிஸ் மைனர்களில் இருந்தது எஸ்யூ மின்பம்ப். சாவியைத் திருப்பியதும் டக் டக் என்று சத்தம் போடும். சத்தம் நின்றால் பொனட்டைத் திறந்து ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவார்கள், ஓடும். எஞ்சின் பக்கத்தில் பம்ப் இருந்த வண்டிகளில் இன்னொரு தொல்லை. நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்க, குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிப் பம்ப் வெறும் ஆவியையே தள்ளும். சாரதிகள் ஈரத் துணியைப் பம்பில் சுற்றி, பீடி ஒன்றைப் பற்றவைத்து (கொஞ்சம் தள்ளி நின்றுதான்) காத்திருப்பார்கள். மகாகஸ்தோட்டையில் தேயிலைக்கு நடுவே ஏறும் மோட்டார் பந்தயம் 1930களிலிருந்து நடக்கிறது. கொழும்பிலிருந்து வந்த வேகமான கார்கள் பல, இந்த உயரத்தில் மூச்சு வாங்கியதைப் பார்த்துச் சிரித்த கூட்டம் நம்முடையது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். இங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் பெற்றோல் எளிதில் ஆவியாகும். கொழும்பு வெயிலில் தாங்கியை நிரப்பி, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக மேலே வந்து மூடியைத் திறக்கும்போது சில வண்டிகளில் 'உஸ்' என்று காற்று வெளியேறுவது அதனால்தான். சமதரையில் பல மாதம் சத்தமில்லாமல் இருக்கும் நுண்வெடிப்பு, தாங்கிக்குள் அழுத்தம் கூடும் இந்தப் பயணத்தில் மணக்கத் தொடங்கலாம்.

நின்றுபோகும் பம்பின் கதை இன்னும் மோசம். சமதரையில் எஞ்சின் அடங்கினால் கார் உருண்டு ஓரமாகும். ஏற்றத்தில் அடங்கினால் பின்னோக்கி வரும். எஞ்சின் நின்ற பிறகு பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிஞ்சும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டிகள் பெற்றோல் வராதபோதும் பற்றரியில் சிறிது தூரம் ஊர்ந்து போகும். அதனால் ஓட்டுகிறவருக்குப் பழுது உடனே தெரியாது. ஆனால் ரம்பொடை ஏற்றத்தில் அந்தப் பற்றரி எத்தனை வளைவுக்குத் தாங்கும்?

இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். லயத்துக் குடும்பத்துக்கு எட்டுவது பெரும்பாலும் த்ரீவீலர். அதில் பம்பே கிடையாது, தாங்கியிலிருந்து பெற்றோல் தானாக இறங்கி வரும். பாடசாலை ஆசிரியர்கள், கடைக்காரர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள், ஹயர் ஓட்டுகிற இளைஞர்கள் ஆகியோரிடம்தான் சின்ன ஜப்பான் கார்களும் வேன்களும் இருக்கின்றன, அதுவும் லீசிங்கில். ஏப்ரல் சீசனில் சுற்றுலாக்காரரை ஏற்றும் அதே வேன், நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு இறக்கும். அது வழியில் நின்றால் அடுத்த வண்டிக்கு எங்கே போவது?

கராஜில் நடப்பது

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். 2018இல் வந்த ரீகண்டிஷன் கார், லீசிங்கில் எடுத்தது. வண்டி ஏற்றத்தில் திணறுகிறது. கராஜ் பாஸ் சாவியைப் போட்டு, பின்சீட்டில் காது வைத்துக் கேட்பார். வழக்கமாக இரண்டு வினாடி வரும் ரீங்காரம் வரவில்லை.

"சேர், பம்ப் போயிருச்சு. புதுசு போட்டா வெல கூட. பஞ்சிகாவத்தையில பழசு ஒன்னு பாக்கவா?"

சேர் யோசிப்பார். மாதத் தவணை கட்டவேண்டிய கிழமை. பழசே போடுங்க என்பார். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் ஒரு பம்ப் வரும். அது இன்னொரு காரிலிருந்து கழற்றியது. எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்று யாருக்கும் தெரியாது. நிறுவனம் திருப்பி அழைத்த அதே தொகுதிப் பம்பாகவும் இருக்கலாம். பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டு இறுக்கினால், நின்றுபோன பழுது தீர்ந்து கசிவுப் பழுது தொடங்கும். பாஸை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையிலிருக்கும் பொருளோடும் எதிரில் நிற்கிறவரின் பணப்பையோடும் அவர் வேலை செய்கிறார். அந்தப் பம்பைத் தன் செலவில் மாற்றித் தருவதாக உற்பத்தியாளரே உலகத்துக்கு அறிவித்திருந்தாலும், அந்தச் செய்தி கராஜ் வாசலுக்கு வந்து சேர வழியில்லை.

ஏன் வழியில்லை என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மையம் இருக்கிறது. மீளழைப்பு என்பது, கராஜ்களில் ரீகோல் என்று சொல்கிறார்களே அது, காரைத் தேடிப் போவதில்லை. காகிதத்தைத் தேடிப் போகிறது. ஜப்பானில் நிறுவனம் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்து, பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பும். அந்த உரிமையாளர் ஒசாகாவில் இருக்கிறார். அவர் காரை விற்று, அது ஏலத்துக்குப் போய், ஏற்றுமதிச் சான்று வாங்கிக் கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்கிய நாளிலேயே அங்குள்ள பதிவேட்டில் அதன் பெயர் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காருக்கு எழுத ஜப்பானில் முகவரி கிடையாது.

இலங்கையின் இறக்குமதி விதி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. பழைய வண்டிகள் குவியக்கூடாது என்பதற்காக இரண்டு மூன்று ஆண்டுக்கு மேற்படாத கார்களையே நாம் அனுமதித்து வந்திருக்கிறோம். நல்ல விதிதான். ஆனால் பழுதுகள் வெளிப்பட அதைவிடக் கூடுதல் காலம் எடுக்கும். டென்சோ பம்ப் பொருத்திய 2017, 2018 கார்கள் இங்கே புதுப் பளபளப்போடு இறங்கின. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில்தான் டொயோட்டாவின் பட்டியல் 32 இலட்சமாகப் பெருகியது. பிறகு ஐந்தாண்டுக்குப் பெரும்பாலும் புதிதாக எதுவும் வரவில்லை. இருந்த கார்களின் விலை வாங்கியதைவிடப் பல மடங்கு ஏறியது, ஒவ்வொன்றும் கைமாறிக் கைமாறி ஓடியது.

கைமாறியதிலும் ஒரு கதை உண்டு. நம் ஊரில் கார் விற்பவர் கையெழுத்துப் போட்ட ஓபன் பேப்பரைக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே இரண்டு ஆண்டு ஓட்டி மூன்றாமவருக்கு விற்பார். பதிவுச் சான்றிதழான சிஆரில் முதலாமவரின் பெயரும், லீசிங் கம்பனி அறுதி உரிமையாளர் என்ற வரியும் அப்படியே இருக்கும். நாளைக்கே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ரீகோல் கடிதம் அனுப்பத் தொடங்கினாலும் பாதிக் கடிதம் தவறான கதவைத்தான் தட்டும். பழியை முழுக்க அடுத்தவர் தலையில் போட முடியாத இடம் இது.

சரி, கடிதம் வராவிட்டால் நாமே தேடலாமே என்று ஒருவர் நினைக்கலாம். தொலைபேசியில் தேடுவார். அமெரிக்கத் தளம் 17 எழுத்து எண் கேட்கும். ஜப்பானில் உள்நாட்டுக்காகச் செய்த கார்களுக்கு அந்த எண்ணே கிடையாது. ஒரு சிறிய குறியும் வரிசை எண்ணும் மட்டும் இருக்கும். அக்வாவுக்கு என்எச்பி10 என்று தொடங்கும், ஃபிட் ஹைபிரிட்டுக்கு ஜிபி5, வெகன் ஆருக்கு எம்எச்44எஸ். இந்த எண்ணை ஏற்றுக்கொள்ளும் தேடல் பக்கங்கள் ஜப்பானிய நிறுவனங்களின் தளங்களில் இருக்கின்றன. ஜப்பானிய மொழியில். பொகவந்தலாவை ஆசிரியர் அந்தப் படியையும் தாண்டி, தன் கார் பட்டியலில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அவர் யாரிடம் போவது? அந்தக் காரை இங்குள்ள முகவர் விற்கவில்லை. விற்ற கார் சேலுக்கும் உற்பத்தியாளருக்கும் தொடர்பில்லை. முகவர் நல்லெண்ணத்தில் செய்து கொடுத்தால் உண்டு. சட்டப்படி கேட்கும் உரிமை என்று ஒன்று அவர் கையில் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் நுகர்வோரைக் காப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் முறைப்பாட்டை எடுப்பார்கள். ஆனால் பொருள் விற்பனை தொடர்பான முறைப்பாட்டை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அரிசியில் கல் இருந்தால் மூன்று மாதம் தாராளம். நான்கு ஆண்டு கழித்து ஊதுகிற பிளாஸ்டிக் சக்கரத்துக்கு அது எந்த மூலைக்கு? அதற்கும் முந்தியது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற மறைமுக நிபந்தனை அதில் உண்டு. அதை வைத்து வழக்காடலாம். ஒரு பம்புக்காக நுவரெலியா நீதிமன்றத்துக்குத் தவணை தவணையாக லீவு போட்டு நடக்கிற ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை. பழுதான வாகனத்தை உற்பத்தியாளர் கட்டாயம் திருப்பி அழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்கிற தனிச் சட்டம் நம்மிடம் கிடையாது.

இந்தியா இதில் முந்திக்கொண்டது, அதுவும் தாமதமாகத்தான். 2012இல் கார் உற்பத்தியாளர் சங்கம் தானாக ஒரு நெறியை வகுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அரசே மீளழைப்புக்கு உத்தரவிடலாம் என்று சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. கட்டாய மீளழைப்புக்கு 10 இலட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை தண்டம், வாகனம் ஏழு ஆண்டுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இலவசத் திருத்தத்துக்கு 15 ஆண்டுவரை உரிமை உண்டு. 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வெகன் ஆர், பெலேனோ கார்களைப் பம்புக்காக அழைத்தது. 2024 மார்ச்சில் அதே இரண்டு வகைகளில் இன்னும் 16,041 கார்களை அழைத்தது. இந்த இரண்டாம் பட்டியலில் இருந்தவை 2019 ஜூலை கடைசிக்கும் நவம்பர் முதல் நாளுக்கும் இடையில் செய்தவை. வாங்கியவர்கள் நான்கரை ஆண்டு அதே பம்போடு ஓட்டியிருக்கிறார்கள். சட்டம் இருக்கும் இடத்திலும் காத்திருப்பு இருக்கத்தான் செய்கிறது.

நிறுவனங்கள் தாமாகவே நேர்மையாக நடக்கும் என்று விட்டுவிடவும் முடியாது. 2000ஆம் ஆண்டில், மிட்சுபிஷி மோட்டார்ஸ் இருபது ஆண்டுக்கு மேலாக வாடிக்கையாளர் முறைப்பாடுகளை அமைச்சுக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருந்தது அம்பலமானது. மறுபுறம், ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா 2013 செப்டம்பரில் வெளியிட்டு, அடுத்த ஒக்டோபருக்குள் ஐந்து முறை திருப்பி அழைத்தது. ஐந்து முறை அழைத்ததைக் கேலி செய்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மறைத்ததைவிட அது எவ்வளவோ மேல்.

நமக்குப் பாடம் அமெரிக்காவிலோ இந்தியாவிலோ இருப்பதைவிட நியூசிலாந்தில் இருக்கிறது. அவர்களும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அவர்களும் ஜப்பானின் பழைய கார்களைக் கப்பல் கப்பலாக இறக்குகிறார்கள். தக்காத்தா எயார்பேக் வெடித்து உலகெங்கும் உயிர்கள் போனபோது, 2018 ஏப்ரலில் அந்த நாடு மிக ஆபத்தான வகை எயார்பேக் பொருத்திய கார்களுக்குக் கட்டாய மீளழைப்பை அறிவித்தது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களும் அதற்குள் அடங்கின. மாற்றாத எயார்பேக்கோடு புதிதாகக் கார் இறக்கவும் தடை வந்தது. அதே ஆண்டு மே முதல் ஜப்பானும் ஒரு காரியம் செய்தது. ஆபத்தான எயார்பேக்கை மாற்றாத கார்களுக்குக் காலாந்தர வாகனச் சோதனையில் சான்று கிடையாது என்றது. சான்று இல்லாமல் வண்டி வீதியில் ஓட முடியாது. அதன் பிறகு கடிதத்தைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்?

அப்படி ஒரு வருடாந்த வாசல் நம்மிடமும் இருக்கிறது. ஒவ்வொரு காரும் ஆண்டுக்கு ஒரு முறை புகைச் சோதனைக்குப் போகிறது. 2008இலிருந்து இது நடக்கிறது. அந்தச் சான்றையும் காப்புறுதியையும் காட்டினால்தான் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். கார் யார் பெயரில் இருந்தாலும், ஓபன் பேப்பரில் எத்தனை கை மாறியிருந்தாலும், அன்று வண்டியும் அதை ஓட்டுகிறவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், சாசி எண் கணினியில் இருக்கிறது. அந்த எண்ணை ஜப்பானிய நிறுவனங்களின் மீளழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, சோதனைச் சீட்டின் அடியில் ஒரு வரி அச்சடித்தால் போதும். உங்கள் வண்டியில் எரிபொருள் பம்ப் மீளழைப்பு நிலுவையில் உள்ளது, இன்ன இடத்தில் விசாரியுங்கள். கடிதம் போகாத இடத்துக்கு இந்த வரி போகும். சட்டத் திருத்தம் வர ஆண்டுகள் ஆகலாம், இந்த வரிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

மாற்றுச் செலவை யார் ஏற்பது என்பது அடுத்த சண்டை. அதையும் இறக்குமதியின் வாசலிலேயே தீர்த்திருக்கலாம். 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தபோது, வரி எவ்வளவு, எத்தனை வயதுக் கார், எத்தனை நாளில் பதிய வேண்டும் என்றெல்லாம் நாடு முழுக்கப் பேசியது. கப்பலேறும் முன் நிலுவையிலுள்ள மீளழைப்பு வேலைகளை முடித்த அத்தாட்சி வேண்டும் என்ற பேச்சு எழவே இல்லை. ஜப்பானில் அந்த வேலை இலவசம். இறக்குமதியாளருக்குச் செலவு ஒன்றிரண்டு நாள் தாமதம் மட்டும்தான்.

பம்ப் நட்டத்துக்கு அரசு பொறுப்பேற்ற முன்மாதிரி இலங்கையில் இல்லாமலும் இல்லை. 2011 நடுப்பகுதியில் தரம் குறைந்த பெற்றோல் சந்தைக்கு வந்து, பல வண்டிகளின் பம்புகள் பழுதாயின. சுசில் பிரேமஜயந்த அப்போது பெற்றோலியக் கைத்தொழில் அமைச்சர். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதாக அரசு அறிவித்தது. பழுதுக்கு உரிமையாளர் காரணமில்லை என்றால் செலவும் அவருடையதாக இருக்கக்கூடாது என்பதை அன்று அரசே ஏற்றுக்கொண்டது. பெற்றோல் கெட்டதற்குப் பொருந்தும் நியாயம் பம்ப் கெட்டதற்குப் பொருந்தாதா?

அதுவரை ஏற்றம் ஏறுகிறவர்கள் சிலவற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்திய இடத்தில் நிறுத்திக் காது கொடுங்கள். ரீங்காரம் கரகரப்பாக மாறினாலோ, சில நாள் வந்து சில நாள் வராவிட்டாலோ பம்ப் சொல்லிக்கொண்டு போகப் பார்க்கிறது. தாங்கியில் கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள். ஷெட்டில் முனை தானாக நின்ற பிறகு, ரூபாயைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லாதீர்கள். பின்சீட்டில் பெற்றோல் மணத்தால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, சாவியை எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். சீட்டைத் தூக்கி லைட்டர் வெளிச்சத்தில் பார்க்கிற வீரம் வேண்டாம். ஏற்றத்தில் எஞ்சின் அடங்கினால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு மிதிக்காமல், மிதித்தது மிதித்தபடி ஓரம்கட்டி, ஹேண்ட்பிரேக்கையும் போட்டு, சில்லுக்குப் பின்னால் கல் வைக்கச் சொல்லுங்கள்.

கராஜில் பம்ப் மாற்றும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதன் விலை பம்பின் விலைக்குப் பக்கத்தில் கூட வராது. கழற்றிய பழைய பம்பை வீசிவிடாமல், அதன் மேலுள்ள எண்களைப் படம் பிடித்து, பில்லில் சாசி எண்ணையும் கிலோமீற்றரையும் எழுதி வாங்குங்கள். பிறகு சிஆரில் உள்ள சாசி எண்ணோடு அந்த வகைக் காரின் உள்ளூர் முகவருக்கு ஒரு கடிதம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு பிரதி. மறுபதில் வராமல் போகலாம். ஆனால் ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் ஒரே பம்பைப் பற்றி நாற்பது ஐம்பது கடிதம் போய்ச் சேர்ந்தால், இப்படியொரு பழுது இங்கே இல்லை என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டமாகிவிடும்.